ஓல்னேயிலிருந்து கொண்டுவந்த கொப்புகள்

நான் பாரிசுக்கு வந்தது 2009 இல். அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. பாண்டிச்சேரியில் அம்மா உயிரோடு இருந்தவரை அவருக்குத் துணையாக இருந்தேன். அவர் போன பிறகு, அங்கே தனியாக இருந்து என்ன செய்யப் போகிறாய் என்று அண்ணன் கூப்பிட்டார். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர் என்பதால் எங்களுக்கெல்லாம் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. விசா என்ற பேச்சே இல்லாமல் ஒரு பெட்டியோடு வந்து இறங்கினேன். எனக்குத் திருமணம் ஆகவில்லை. அதற்கு ஒரே காரணம் என்று எதையும் சொல்ல முடியாது. வந்த வரன்கள் தள்ளிப்போயின. பிறகு வருவது நின்றுவிட்டது.

அண்ணனின் வீடு பாரிசின் லா ஷப்பல் பகுதியில், தெருவிலிருந்து ஒரு முற்றத்தைத் தாண்டி உள்ளே போகும் பின்கட்டிடத்தில், தரைத்தளத்தில் இருந்தது. இரண்டு அறைகள். சமையலறைக் கதவைத் திறந்தால் வெளியே ஒரு துண்டு மண். நீளவாக்கில் எட்டு அடி எடுத்து வைக்கலாம், அகலவாக்கில் மூன்றுதான். அண்ணி அங்கே துணி காயப்போடும் கம்பி கட்டியிருந்தார். மண்ணில் ஒன்றும் கிடையாது.

நான் பக்கத்திலிருந்த பள்ளி ஒன்றின் கான்டீனில் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டாவது வருடம் செப்டம்பரில், என்னோடு வேலை பார்த்த பிரெஞ்சுக்காரப் பெண் ஒருத்தி தன் அம்மாவின் தோட்டத்திலிருந்து ஒரு பை நுவாசெத் கொண்டுவந்தாள். தமிழ்நாட்டுக்காரர்கள் அதை ஹேசல்நட் என்பார்கள். சாக்லேட்டுக்குள்ளும் கேக்குக்குள்ளும் வறுத்த கொட்டையாகத்தான் எனக்கு அது தெரியும். அன்று அவள் கொடுத்தது பச்சைக் கொட்டை. வெளிர்பச்சை இலைத்தோலுக்குள் இருந்தது. அவள் உடைத்துக் கொடுத்தாள். பால் கட்டின இளந்தேங்காய் போல மொறுமொறுவென்று இருந்தது. வேலை முடிந்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த ருசி நாக்கில் இருந்தது. நம் வீட்டு மண்ணில் இதை வைக்கலாமே என்று அப்போதுதான் தோன்றியது.

நவம்பரில் சேன் ஆற்றங்கரையில் இருக்கும் செடிக்கடை ஒன்றுக்குப் போய், என் முழங்கை உயரக் கன்று ஒன்றை வாங்கிவந்தேன். நான்கு வருடத்தில் காய்க்கும் என்றான் கடைக்காரன். வேறு எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அண்ணி மட்டும், துணிக்கு நிழல் விழாத இடமாகப் பார்த்து வை என்றார்.

2012 இல் அண்ணன் வேலை மாற்றலாகி, அண்ணியையும் மகளையும் கூட்டிக்கொண்டு துலூஸ் போனார். வீட்டை விற்கப்போவதில்லை, நீ இருந்து பார்த்துக்கொள் என்றார். அதிலிருந்து நான் தனிதான். பகலில் கான்டீனில் முந்நூறு குழந்தைகளின் சத்தம். வீட்டுக்கு வந்தால் குழாய் சொட்டுவது கேட்கும். லா ஷப்பல் முழுக்கத் தமிழ்க்குரல்தான், ஆனால் அது யாழ்ப்பாணத் தமிழ். கடையில் நான் பேச்சைத் தொடங்கியதுமே, இந்தியாவோ என்று கேட்பார்கள். மரியாதையாகப் பேசுவார்கள், சாமானைக் கட்டிக் கொடுப்பார்கள், அத்தோடு சரி. எனக்கும் வலியப் போய்ப் பேசிப் பழக்கமில்லை. சில வெள்ளிக்கிழமைகளில் மாலை நான்கு மணிக்கு வீட்டுக்குள் வந்தால், திங்கட்கிழமை காலைவரை ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன்.

அதனால் செடியை நிறையக் கவனித்தேன். அது நன்றாகத்தான் வளர்ந்தது. அடியிலிருந்து புதிது புதிதாகக் கிளைத்துக்கொண்டே இருக்கும். அவற்றை வெட்டாவிட்டால் புதராகிவிடும் என்று நூலகத்தில் எடுத்த புத்தகத்தில் போட்டிருந்தது. வெட்டினேன். நான்காவது குளிர்காலத்தில் இலையில்லாத கிளைகளில் மஞ்சள் திரிகள் தொங்கின. பிரெஞ்சில் அவற்றைப் பூனைக்குட்டி என்று சொல்வார்கள். அவை ஆண் பூக்கள். மொட்டுகளின் நுனியில் சிவப்பு நூல் பிசிறு போல எட்டிப்பார்ப்பவை பெண் பூக்கள். அவற்றைக் காண மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மிக அருகில் போக வேண்டும். நான் தினமும் வேலைக்குப் போகுமுன் போய்ப் பார்த்தேன்.

2014 செப்டம்பரில் ஒரு கைப்பிடி கொட்டை விழுந்தது. எல்லாம் பொக்கு. ஒவ்வொன்றாக உடைத்தேன். உள்ளே கருகின துணித்துண்டு போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. கான்டீனில் அந்தப் பெண்ணிடம் சொன்னதும், உன்னிடம் எத்தனை செடி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டாள். ஒன்றுதான் என்றேன். ஒரு செடி தன் பூந்தூளை ஏற்காது, வேறு வகைச் செடி ஒன்று பக்கத்தில் இருந்தால்தான் காய் பிடிக்கும் என்று விளக்கினாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இன்னொருத்தி, பாவம், அதுவும் உன்னைப் போலத்தான் என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். அந்த வாரம் முழுவதும் அவளோடு பேசவில்லை.

இரண்டாவது செடி வைக்கலாம் என்றால் கட்டிடச் சங்கம் ஒப்பவில்லை. இருக்கும் செடியே முதல் மாடிக்காரரின் வெளிச்சத்தை மறைக்கிறது, மண்ணில் இன்னொன்று நடக்கூடாது என்று கடிதம் போட்டார்கள். நான் அதை மடித்து அலமாரியில் வைத்தேன்.

அவரை நான் சந்தித்தது அடுத்த வருடம் செப்டம்பரில், நான் வழக்கமாக மரக்கறி வாங்கும் கடையில். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பை நிறைய நுவாசெத்தை வைத்துவிட்டு, வருகிறவர்களையெல்லாம் எடுத்துக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருந்தார். அறுபது வயதை ஒட்டிய, உயரமான யாழ்ப்பாணத்துக்காரர். லா கூர்னெவில் ஒரு பண்டகசாலையில் வேலை, வீடு புறநகரான ஓல்னே-சூ-புவாவில் என்று பிறகு தெரிந்தது. என்னையும் பார்த்து, "எடுங்கோ அக்கா, வளவு முழுக்க விழுந்து கிடக்கு" என்றார். என்னைவிட மூத்தவர் அக்கா என்று கூப்பிட்டது எனக்குச் சற்றுச் சுருக்கென்றிருந்தது.

வீட்டை வாங்கும்போதே பின்வேலியில் மூன்று நுவாசெத் மரங்கள் நின்றனவாம். எலி வருகிறது, பக்கத்து வீட்டுக்காரன் முறையிடுகிறான், இந்தக் குளிருக்குள் தறித்துவிடப் போகிறேன் என்று அவர் கடைக்காரரிடம் சொன்னார். எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, "வெட்டாதீங்கண்ணே" என்று சொல்லிவிட்டேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முகம் சூடாகிவிட்டது. பிறகு என் செடியின் கதையைச் சொல்ல வேண்டியதாயிற்று. பூக்கிற சமயத்தில் வேறு மரத்துக் கிளைகளை வெட்டி, தண்ணீர்ப் போத்தலில் போட்டு, என் செடிக்குள் தொங்கவிட்டால் காய் பிடிக்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது என்றேன். அவர் முழுவதும் கேட்டார். சிரிக்கவில்லை. தன் தொலைபேசி எண்ணைக் கடைச் சீட்டின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தார்.

ஜனவரி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழையில்லாத நாளாகப் பார்த்து, கார் து நோர் நிலையத்தில் பி ரயில் ஏறி ஓல்னே போனேன். அவர் நிலையத்துக்கு வந்திருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. முன்னறைச் சுவரில் மனைவியின் படம் இருந்தது. இறந்து நான்கு வருடம் ஆகிறது என்றார். ஒரே மகன் ஸ்ட்ராஸ்பூர்க்கில் குடும்பத்தோடு இருந்தான். நான் காலணியைக் கழற்றப்போனேன். வேண்டாம், நேரே பின்னாலே போவோம் என்று வீட்டைச் சுற்றிக் கூட்டிப்போனார். அவர் ஏணியில் ஏற, நான் கீழே பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு கொப்பை வெட்டும்போதும் மஞ்சள் தூள் என் தலையில் கொட்டியது. வெட்டியதையெல்லாம் பழைய படுக்கைவிரிப்பில் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். திரும்பும் ரயிலில் என் கறுப்புக் கோட்டு முழுக்க மஞ்சள். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் தும்மிக்கொண்டே வந்தார். மன்னிப்புக் கேட்டேன்; பரவாயில்லை, அழகாக இருக்கிறது என்றார்.

கான்டீனில் மீந்த ஜாம் போத்தல்களில் தண்ணீர் ஊற்றி, கொப்புகளை நிறுத்தி, சணல் கயிற்றால் என் செடியில் கட்டினேன். காற்று இல்லாத நாளில் கிளையை விரலால் தட்டிவிட்டேன். மேல்மாடிக்காரர் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

அந்த வருடம் ஒரு கிண்ணம் நிறையக் கொட்டை கிடைத்தது. சிலவற்றில் பூச்சி துளை போட்டிருந்தது, மற்றதெல்லாம் நிறைவானவை. பாதியைப் பொட்டலம் கட்டி, அவரிடம் கொடுக்கச் சொல்லிக் கடையில் வைத்தேன். அன்று மாலையே கூப்பிட்டார். தன் மரத்துக் கொட்டை மூட்டையாகக் கிடக்கிறது, இருந்தாலும் இதுதான் ருசி என்றார். மரத்தைத் தறிக்கும் பேச்சை அதன் பிறகு அவர் எடுக்கவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு ஜனவரியும் போனேன். முதல் வருடம் வாசலோடு திரும்பியவள், அடுத்த வருடம் தேநீர் குடித்தேன். அதற்கடுத்த வருடம் அவர் புட்டு அவித்து வைத்திருந்தார். தேங்காய்ப்பூ அதிகமாகிவிட்டது என்று மூன்று தடவை சொன்னார். பேசியது பெரிதாக ஒன்றுமில்லை. அவர் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எட்டுப் பேர் ஓர் அறையில் முறைவைத்துத் தூங்கியது, நான் கான்டீனில் முதல் நாள் மீன் வாசனை தாங்காமல் வெளியே போய் நின்றது. அவர் பேசும்போது சில சொற்கள் எனக்குப் புரியாது. கேட்டால் நிறுத்திச் சொல்வார். எந்த மாதத்திலும் நினைத்தால் போயிருக்கலாம். ஆனால் கொப்பு என்ற காரணம் இல்லாமல் போக எனக்குத் தோன்றவில்லை. பிப்ரவரி வந்ததும் அடுத்த ஜனவரிக்கு எத்தனை மாதம் என்று நினைக்க ஆரம்பித்துவிடுவேன்.

ஒரு வருடம் ரூ பஜோல் என்ற தெருவின் கோயில் தேரன்று அவரைக் கண்டேன். சிதறுதேங்காய் உடைத்த ஈரத்தில் எல்லோரும் வெறுங்காலோடு நின்றிருந்தார்கள். அவரோடு வந்த நண்பரிடம் என்னைக் காட்டி, இவதான் நுவாசெத் அக்கா என்றார். நண்பர் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபிறகு ஏனோ அழுகை வந்தது. அடுத்த முறை தொலைபேசியில் அவர் ஏதோ கேட்க, நான், உங்களைவிட நான் சின்னவள் என்று மட்டும் சொன்னேன். அடுத்த ஜனவரியிலிருந்து அவர் அக்கா என்று கூப்பிடவில்லை. வேறு எப்படியும் கூப்பிடவும் இல்லை. நானும் அண்ணே என்பதை விட்டுவிட்டேன்.

2020 ஜனவரியில், கொப்புகளைக் கட்டி முடித்த பிறகு, வாசல் படலையருகே நின்று அவர் சொன்னார்: "இனி ஏன் இதைக் காவிக்கொண்டு திரியிறியள்? நீங்களே இஞ்சை வந்து இருக்கலாம்."

நான் கொப்புக் கட்டைக் கைமாற்றிக்கொண்டேன். "ரயிலுக்கு நேரமாயிடுச்சு" என்றேன். அவர், ஓம் என்றார். நிலையம்வரை நடந்து வந்தார். வழியில் குளிரைப் பற்றிப் பேசினோம்.

ரயிலில் உட்கார்ந்ததுமே என் பதில் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அண்ணனிடம் சொல்லாமல் எப்படி என்று நினைத்தேன். ஐம்பத்தேழு வயதில், சொந்தச் சம்பளத்தில் சாப்பிடுகிறவள், அப்படித்தான் நினைத்தேன். மார்ச்சில் நாடே அடைபட்டது. அவர் வாரம் ஒரு முறை கூப்பிட்டு, சாமான் இருக்கிறதா, காய்ச்சல் இல்லையே என்று கேட்பார். அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. ஒருமுறை கேட்டதை இரண்டாம் முறை கேட்கிற ஆள் இல்லை அவர். ஆகஸ்டில் அண்ணன் இரண்டு நாள் வந்தார். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் அவர், மகள் இரண்டு வருடத்தில் பாரிசுக்குப் படிக்க வருவாள், உன்னோடுதான் இருப்பாள், நீ இருப்பதுதான் எங்களுக்கு நிம்மதி என்றார். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். செப்டம்பரில் கொட்டைப் பொட்டலத்தைப் பழையபடி கடையில்தான் வைத்துவிட்டு வந்தேன்.

குளிர் வந்ததும் மனம் மாறியது. யாரையும் கேட்காமல் சரி என்று சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். சொல்ல வேண்டிய வார்த்தைகளைக் கான்டீனில் காய் நறுக்கும்போது மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். 2021 ஜனவரியில் ஓல்னேயில் இறங்கியபோது அவர் முகமூடிக்கு மேலே கண்கள் களைத்திருந்தன. வீட்டு வாசலில் விற்பனைப் பலகை. முன்னறையில் அட்டைப்பெட்டிகள். முழங்கால் மோசமாகிவிட்டது, வேலையை விட்டாயிற்று, மகன் தங்களோடு வந்து இருக்கச் சொல்கிறான், வீட்டுக்கு ஆள் கிடைத்துக் கையெழுத்தும் வைத்தாயிற்று என்று கொப்பு வெட்டுவதற்கு முன்பே சொல்லிவிட்டார். நான் ஏணியைப் பிடித்தேன். அவர் ஏறக்கூடாது என்று இரண்டு பேருக்கும் அப்போதுதான் உறைத்தது. நானே ஏறி வெட்டினேன்.

மரத்தடியிலிருந்து வேரோடு பெயர்த்த கன்று ஒன்றைப் பெயின்ட் வாளியில் வைத்திருந்தார். வாளியின் அடியில் துளை போட்டிருந்தார். "மண்ணிலை நடக்கூடாதெண்டுதானே சொன்னவை. வாளியிலை வைக்கலாம்" என்றார். நான் எப்போதோ சொன்ன சங்கக் கடிதத்தை அவர் நினைவில் வைத்திருந்தார். கொப்பையும் வாளியையும் நான் ஒருத்தி தூக்க முடியாது. முழங்காலோடு அவரே வாளியைத் தூக்கிக்கொண்டு என்னோடு ரயிலேறினார்.

ஐந்து வருடத்தில் அன்றுதான் என் வீட்டுக்கு வந்தார். மாலை ஆறு மணிக்கு மேல் யாரும் வெளியே நிற்கக் கூடாது என்று சட்டம் இருந்த காலம் அது. மூன்று மணிக்கு வந்தவர் ஐந்துக்குள் கிளம்ப வேண்டும். வாளியைச் செடிக்குப் பக்கத்தில் வைத்தார். போத்தல்களைத் தொங்கவிடும்போது கயிற்றை அவர் முடிச்சுப் போட்டார். என் முடிச்சைவிட இறுக்கமாக இருந்தது. இவ்வளவு சின்ன மரமா என்று வியந்தார். பிறகு சமையலறையில் உட்கார்ந்து தேநீர் குடித்தோம்.

"நான் போன வருசம் ஒண்டு கேட்டனான்" என்றார். "நீங்கள் மறுமொழி சொல்லேல்லை."

"சரின்னு சொல்லத்தான் இன்னைக்கு ஓல்னே வந்தேன்" என்றேன்.

அவர் கோப்பையை வைத்துவிட்டு, கதவுக்கு வெளியே வாளிக் கன்றைப் பார்த்தார். எனக்குச் சுவர்க்கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. "முந்தியே சொல்லியிருக்கலாம்" என்றார். குரலில் கோபம் இல்லை.

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்று இருந்தது. மகனிடம் போக வேண்டாம், இங்கே இருங்கள் என்று. இரண்டு அறைகள், ஒன்றில் யாரும் படுப்பதில்லை. ஆனால் அது அண்ணன் வீடு, அண்ணன் மகளுக்கு வைத்த அறை என்ற நினைப்பு என் வாயை அடைத்தது. அவரும் அறைக்கதவைப் பார்த்தாரா, எனக்கு அப்படித் தோன்றியதா, தெரியவில்லை. நாலே முக்காலுக்கு எழுந்து கோட்டை மாட்டினார். முற்றத்துக் கதவுவரை போனேன். அண்ணன் மகள் கடைசியில் லியோனில் படிக்கப் போனாள்.

அவர் மார்ச்சில் ஸ்ட்ராஸ்பூர்க் போய்விட்டார். வீட்டை வாங்கியவர்கள் பின்வேலி மரங்களை எடுத்துவிட்டு கார் நிறுத்தத் தளம் போட்டார்கள் என்று கடைக்காரர் சொன்னார். அந்த ஜனவரிக்குப் பின் எனக்கு பி ரயிலில் போக வேலை இல்லை. 2022 இல் செடி மறுபடியும் பொக்கைத்தான் கொடுத்தது. நான் பெருக்கிக் குப்பையில் போட்டேன். வாளிக் கன்றுக்கு வெயிலில் ஒருநாள் தண்ணீர் ஊற்ற மறந்து இலை முழுக்கக் கருகியது. தரையில் உட்கார்ந்து அழுதேன். அது பிழைத்தது. 2023 குளிர்காலத்தில் அதில் முதன்முதலாகத் திரிகள் தொங்கின, ஏழெட்டுதான். நான் கிளையைத் தட்டிவிட்டேன். அந்த செப்டம்பரில் கொட்டைகள் நிறைந்திருந்தன.

அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவார். பேரப்பிள்ளைகள் இருவர், தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிறார்களாம். வீட்டில் எல்லோரும் நல்லவர்கள், பகலில் மட்டும் யாரும் இருப்பதில்லை என்றார். கொட்டை நிறைந்ததைச் சொன்னபோது, எத்தனை என்று கேட்டார். பிறகு, நல்லது என்றார்.

அந்த அக்டோபரில் ஒரு பை கொட்டையோடு ஸ்ட்ராஸ்பூர்க் போனேன். இப்போது நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது, காலையில் போய் மாலையில் திரும்பும் சீட்டு எடுத்திருந்தேன். நிலையத்தில் கைத்தடியோடு நின்றார். மெலிந்திருந்தார். மருமகள் பிரியாணி செய்திருந்தாள். என்னை அன்ட்டி என்று கூப்பிட்டு, இரண்டாம் முறை சோறு போட்டாள். சின்னப் பேத்திகள் கொட்டை உடைக்கும் கருவிக்காகச் சண்டை போட்டார்கள். சாப்பிட்ட பிறகு அவரும் நானும் வாய்க்கால் கரையில் கொஞ்சதூரம் நடந்தோம். அவருடைய முழங்காலுக்காக இரண்டு தடவை பெஞ்சில் உட்கார்ந்தோம். இந்த ஊர்க் குளிர் பாரிசை விட மோசம் என்றார். என் ஓய்வு எப்போது என்று கேட்டார். இன்னும் ஒன்றரை வருடம் என்றேன். அவர் காலடியில் கிடந்த சருகைக் கைத்தடியால் ஒதுக்கினார். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு எழுந்திருக்க மனமில்லை. கடைசியில் எழுந்தவர் அவர்தான்.

ரயில் வந்ததும் என் பையை வாங்கி மேலே ஏற்றி வைத்தார். "அடுத்தமுறை நாலு நாள் நிக்கிறமாதிரி வாங்கோ" என்றார். வரேன் என்றேன். கதவு மூடியது. வண்டி நகரும்போது அவர் தவறான பெட்டியைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தார். நான் கண்ணாடியைத் தட்டினேன், கேட்டிருக்காது.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். நாள் முழுக்க என் கையில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அழைப்பு இரண்டு வாரத்துக்கு ஒன்றாகி, சில சமயம் மூன்று வாரமும் ஆகிறது. அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. நான் சத்தமாகப் பேச வேண்டியிருக்கிறது, சத்தமாகப் பேசினால் சொல்ல வந்தது மறந்துபோகிறது. நான்கு நாளைக்கு வேண்டிய உடுப்பை எடுத்து ஒரு பையில் வைத்திருக்கிறேன். இன்னும் சீட்டு எடுக்கவில்லை.